அட்மிஷன் டே

பொழுது சாய்ந்துவிட்டால் பயர் ஆபீசில், அதாவது பட்டாசு ஆலையில், வெடிமருந்தைத் தொடக்கூடாது. சிவகாசி வட்டாரத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் இது தெரியும். போதிய வெளிச்சமும் காவலும் இல்லாமல், சூரியன் மறைந்ததிலிருந்து உதிக்கிறவரை வெடிபொருளைக் கையாளக் கூடாது என்று வெடிபொருள் விதிகள் சொல்கின்றன. ஓர் அறைக்குள் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது, கலந்த மருந்தை மறுநாளைக்கு மீதம் வைக்கக் கூடாது என்று இன்னும் பல உண்டு. எல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று கேட்காதீர்கள். நடந்திருந்தால் தீக்காய வார்டில் எனக்குப் பாதி வேலை இருந்திருக்காது. ஆனாலும் கருமருந்துக்குக்கூட ஒரு வேலை நேரம் உண்டு என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த மருந்தில் வெந்து வருகிறவருக்கு ராத்திரி முழுக்கக் கண்விழித்து வைத்தியம் பார்க்கிற பயிற்சி டாக்டருக்கு அப்படி ஒரு நேரம் ஏன் இல்லாமல் போனது? ஓய்வு பெற்ற பிறகு அதைத்தான் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

நான் நர்ஸ். சாத்தூர் பக்கத்துக் கரிசல் கிராமத்தில் பிறந்தவள். தென் மாவட்டங்களின் அரசு ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்தவள். எங்களுக்கு ஷிப்ட் உண்டு. காலையில் ஒருத்தி, மதியம் ஒருத்தி, ராத்திரி ஒருத்தி. மூன்று பேரும் மாறி, மறுநாள் காலை டூட்டிக்காரியும் வந்து சேர்ந்திருப்பாள். முந்தின நாள் காலையில் பார்த்த அதே ஹவுஸ் சர்ஜன், அதே சட்டையோடு, அதே மேஜையில் கேஸ் ஷீட் எழுதிக்கொண்டிருப்பார். இந்தப் பயிற்சி டாக்டர்களை இப்போது சி.ஆர்.ஆர்.ஐ. என்கிறார்கள். சட்டை மட்டும் இன்னும் மாறவில்லை.

தூக்கத்தைப் பறித்து வேலை வாங்குவது எங்கள் மாவட்டத்துக்குப் புதிதில்லை. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியிலிருந்து கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். மழை பொய்க்கிற பூமி. வறண்ட காற்று குச்சி உலர நல்லது. விவசாயம் கைவிட்டதால் வேலைக்கு ஆளுக்கும் பஞ்சமில்லை. இரண்டு தலைமுறைக்குள் சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி சுற்றுப்பட்டு முழுக்கத் தீப்பெட்டி ஆபீஸ். 1970-களில் ஆபீஸ்காரர்களின் பஸ்ஸும் வேனும் விடிவதற்கு முன்பே கிராமம் கிராமமாக வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். தூரத்து ஊர் என்றால் மூன்று, நாலு மணிக்கே ஹாரன் கேட்கும். ஆள் திரட்ட ஊருக்குள் ஓர் ஏஜெண்ட் இருப்பார். வீடு வீடாகக் கதவைத் தட்டுவது அவர் வேலை. பிள்ளைகள் திரும்புவது இருட்டிய பிறகு.

என் அக்கா அந்த வேனில் போனவள். அம்மா அவளை எழுப்ப மாட்டாள். தூங்குகிறவளை அப்படியே தூக்கி உட்காரவைத்துத் தலை வாரிவிட்டு, தூக்குச்சட்டியைக் கையில் கொடுத்து வாசலில் நிறுத்துவாள். அவளும் பாதித் தூக்கத்திலேயே ஏறிவிடுவாள். சட்டத்தில் குச்சி அடுக்குகிற வேலை. அடுக்கின சட்டத்துக்குத்தான் கூலி. மத்தியானத்துக்கு மேல் கண் சொருகும்போதுகூட விரல் நிற்காதாம். குச்சி அதுபாட்டுக்கு ஏறிக்கொண்டே இருக்குமாம். ஆனால் எத்தனை சட்டம் முடித்தோம் என்பது நினைவில் நிற்காது. கணக்குப்பிள்ளை சொன்னதுதான் எண்ணிக்கை. "கை ஓடும்டி, கணக்குதான் நின்னுபோகும்" என்பாள். தூக்கம் கெட்ட மூளையைப் பற்றி அதற்குப் பிறகு நான் படித்ததெல்லாம் ஏறக்குறைய இந்த ஒரு வரியைத்தான் சுற்றிச் சுற்றி வருகிறது.

அந்த வேன்களை நிறுத்த நாடு முழுக்கப் பேச வேண்டியிருந்தது. குழந்தைத் தொழிலாளர் பற்றி ஆராய மத்திய அரசு 1979-ல் குருபாதசாமி குழுவை அமைத்தது. 1983-ல் ஸ்மிது கோத்தாரி சிவகாசிப் பிள்ளைகளைப் பற்றி எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லியில் எழுதினார். 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1990-ல் சலம் பென்னூர்கர் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்று ஆவணப்படம் எடுத்தார். எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறிப் பிள்ளைகளை வேலைக்கு வைத்த முதலாளி ஒவ்வொரு பிள்ளைக்கும் 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. கொஞ்சம் கொஞ்சமாக ஹாரன் சத்தம் குறைந்தது. ஆனால் அதே வருடங்களில், அதே தென் மாவட்டத்து ஆஸ்பத்திரிகளுக்குள், இருபத்துமூன்று வயதுப் பிள்ளைகள் தொடர்ந்து 30 மணி நேரம் விழித்திருந்ததைப் பற்றி ஒரு கமிட்டியும் உட்காரவில்லை. படித்த பிள்ளைகள்தானே, பின்னால் டாக்டராகப் போகிறவர்கள்தானே என்று விட்டுவிட்டோம்.

அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் 'அட்மிஷன் டே' என்று ஒன்று உண்டு. மெடிசினோ சர்ஜரியோ, பெரிய துறை ஒவ்வொன்றும் பல யூனிட்டாகப் பிரிந்திருக்கும். யூனிட்டுக்கு வாரத்தில் ஒரு நாள் முறை. அன்று காலையிலிருந்து மறுநாள் காலைவரை அந்தத் துறைக்கு வருகிற கேஸ் எல்லாம் அந்த யூனிட்டுக்கு. பாம்புக்கடி, பக்கவாதம், பூச்சிமருந்து குடித்தவர், பைக்கில் விழுந்தவர் என்று வந்துகொண்டே இருப்பார்கள். கட்டில் தீர்ந்தால் தரையில் பாய். மறுநாள் காலையோடு முடிந்துவிடுமா? முடியாது. யூனிட்டின் சீஃப் ரவுண்ட்ஸ் வருவார். முந்தின இரவு சேர்த்த ஒவ்வொருவரைப் பற்றியும் அவருக்குச் சொல்ல வேண்டியது இரவு விழித்தவர்தான். அதன்பிறகு ரத்தப் பரிசோதனை முடிவு வாங்க வேண்டும், ஸ்கேனுக்குத் தேதி வாங்க வேண்டும், டிஸ்சார்ஜ் சம்மரி எழுத வேண்டும். 24 மணி நேரம் என்று தொடங்கியது 30, 36 என்று நீள்வது இப்படித்தான். இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. நோயாளியைச் சேர்த்தவரே தொடர்ந்து பார்த்தால்தான் நோயின் போக்கு தெரியும் என்கிற நல்ல நியாயத்தில் பிறந்த வழக்கம் இது.

இந்த வழக்கத்தின் மூதாதையைத் தேடினால் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. அங்கே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரி 1889-ல் திறந்தது. அறுவைசிகிச்சைத் தலைவர் வில்லியம் ஹால்ஸ்டெட். பயிற்சி டாக்டர்கள் ஆஸ்பத்திரியிலேயே குடியிருந்து, ராப்பகல் பாராமல் கூப்பிட்ட நேரத்துக்கு வந்து நிற்க வேண்டும் என்கிற முறையை அவர் உறுதியாக்கினார். பிற்பாடு மற்ற ஊர்களும் அதையே பின்பற்றின. அவரைப் பற்றி இன்னொரு கதையும் உண்டு. கொக்கெய்னை உடம்பு மரத்துப்போகச் செய்யும் மருந்தாகப் பயன்படுத்த முடியுமா என்று 1884 வாக்கில் தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்தவர், அதற்கு அடிமையானார், பிறகு மார்ஃபீனுக்கு. கூட வேலை பார்த்த வில்லியம் ஆஸ்லர் எழுதி மூடிவைத்த குறிப்பு 1969-ல்தான் வெளியே வந்தது. கொக்கெய்ன் போட்டவர் தூங்காமல் இருந்ததால்தான் உலகத்து டாக்டர்கள் எல்லாம் தூங்காமல் இருக்கிறார்கள் என்று சிலர் எழுதுகிறார்கள். படிக்கச் சுவைதான், எனக்கு முழு நம்பிக்கை இல்லை. சென்னை மருத்துவக் கல்லூரி தொடங்கியது 1835-ல். பிரிட்டிஷ் ஆஸ்பத்திரிகளிலும் வளாகத்துக்குள்ளேயே தங்கி வேலை பார்க்கிற வழக்கம் ஏற்கெனவே இருந்தது. நமக்கு அந்த வழியாகவும் வந்திருக்கும். மதுரை மருத்துவக் கல்லூரி 1954-லும் திருநெல்வேலி 1965-லும் வந்தபோது அட்மிஷன் டேயும் கூடவே வந்துவிட்டது. வளாகத்துக்குள் தங்கினவர்களின் காலத்தில் ஒரு வார்டில் இருந்த நோயாளிகள் எத்தனை, இன்று எத்தனை என்று மட்டும் யாரும் ஒப்பிடவில்லை.

தூக்கமின்மை புத்தியை எங்கே தொடுகிறது என்று தீக்காய வார்டில் பார்க்கலாம். அங்கே தினமும் போடுகிற கணக்கு ஒன்றைச் சொல்கிறேன். நண்பகல் பன்னிரண்டரைக்கு அறை வெடிக்கிறது. ஆள் 50 கிலோ எடை. உடம்பில் 40 சதவீதம் வெந்திருக்கிறது. பார்க்லாண்ட் சூத்திரப்படி எடையைச் சதவீதத்தால் பெருக்கி, அதை 4-ஆல் பெருக்க வேண்டும். 8,000 மில்லி. முதல் 24 மணி நேரத்தில் ஏற்ற வேண்டிய ரிங்கர் லாக்டேட் அவ்வளவு. அதில் பாதி முதல் எட்டு மணி நேரத்துக்குள் ஏற வேண்டும். அந்த எட்டு மணி நேரத்தை ஆஸ்பத்திரிக்கு வந்த நேரத்திலிருந்து எண்ணக் கூடாது, வெந்த நேரத்திலிருந்து எண்ண வேண்டும். சிவகாசியில் முதலுதவி முடிந்து, ஏறக்குறைய 75 கிலோமீட்டர் கடந்து மதுரைக்கு மூன்றரைக்கு வந்தால் மூன்று மணி நேரம் போய்விட்டது. வழியில் ஒன்றும் ஏறவில்லை என்றால் மீதி ஐந்து மணி நேரத்தில் 4,000 மில்லி, அதாவது மணிக்கு 800. ஏறியிருந்தால் அதைக் கழிக்க வேண்டும். அதன்பிறகு மணிக்கு மணி சிறுநீர் அளவைப் பார்த்துக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். அதிகமானால் நுரையீரலில் நீர் கோக்கும். குறைந்தால் கிட்னி படுத்துவிடும்.

தூங்கி எழுந்தவருக்கு இது பள்ளிக்கூடத்துக் கணக்கு. 20 மணி நேரம் விழித்திருந்தவருக்கு, 'வெந்த நேரத்திலிருந்து' என்கிற அந்தச் சின்ன நிபந்தனைதான் முதலில் விட்டுப்போகும். ஆனால் அதே டாக்டர் அதே நிமிடத்தில், வெந்து கருகின கையில் நரம்பைத் தேடி ஒரே குத்தில் ஊசி ஏற்றிவிடுவார். அதைப் பார்த்தால் அவர் களைத்திருக்கிறார் என்று யாரும் நம்ப மாட்டார்கள். அவரே நம்ப மாட்டார். கை ஓடுகிறதே!

இதை ஆராய்ச்சிக்காரர்கள் வெகுநாளாக அளந்து வந்திருக்கிறார்கள். 1971-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஃப்ரீட்மேன் என்பவரும் சகாக்களும் எழுதினார்கள்: இரவு விழித்த பயிற்சி டாக்டர்கள் ஈ.சி.ஜி. ஓட்டத்தில் இதயத்துடிப்புக் கோளாறைக் கண்டுபிடிப்பதில், நன்றாகத் தூங்கி எழுந்தபோது செய்ததைப்போல ஏறக்குறைய இரு மடங்கு தவறு செய்தார்கள். 1997-ல் டாசனும் ரீடும் நேச்சர் இதழில் இன்னொரு அளவு சொன்னார்கள். 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் சாராயம் உள்ளவரின் அளவுக்கு இறங்குகிறது. 24 மணி நேரம் விழித்தால் 100 மில்லிகிராம் அளவுக்கு. நம் நாட்டில் 30-ஐத் தாண்டினாலே போலீஸ்காரர் வண்டியை ஓரம் கட்டச் சொல்வார். 1999-ல் இங்கிலாந்தில் ஹாரிசனும் ஹார்னும் தூங்காதவர்களை ஒரு வியாபார விளையாட்டில் உட்காரவைத்தார்கள். படித்துப் புரிந்துகொள்வதில் அவர்களுக்குக் குறையே தெரியவில்லை. ஆட்டத்தின் நிலைமை மாறியபோதுதான் மாட்டிக்கொண்டார்கள். பழைய முடிவையே பிடித்துக்கொண்டு தோற்றார்கள். வார்டில் இதற்கு அர்த்தம் வேறு. ராத்திரி பத்து மணிக்கு 'கேஸ்ட்ரைட்டிஸ்' என்று எழுதிவிட்ட நெஞ்செரிச்சல், நாலு மணிக்கு வியர்த்துக் கொட்டினாலும் கேஸ்ட்ரைட்டிஸாகவே இருக்கும்.

எல்லாவற்றிலும் என்னைத் திடுக்கிட வைத்தது 2003-ல் வான் டாங்கனின் குழு சொன்னது. இரண்டு வாரம் தினமும் ஆறு மணி நேரம் மட்டும் தூங்கினவர்களின் கவனம், ஒன்றிரண்டு ராத்திரி அறவே தூங்காதவர்களின் அளவுக்குக் கெட்டிருந்தது. ஆனால் அவர்களுக்கே அது தெரியவில்லை; கொஞ்சம் அசதி, மற்றபடி நன்றாகத்தான் இருக்கிறோம் என்று நினைத்தார்கள். நான் கேட்டபோதெல்லாம் பிள்ளைகள் "பழகிருச்சு சிஸ்டர்" என்று சொன்னது இதைத்தான்.

நடு ராத்திரியில் போனில் எழுப்பினால் "சரி சிஸ்டர், போட்டுருங்க" என்பார்கள். காலையில் கேட்டால் போன் வந்ததே ஞாபகம் இருக்காது. பொய் சொல்லவில்லை. ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுப்பினால் மூளை முழுதாக விழிக்கச் சற்று நேரம் பிடிக்கும். வாய் அதற்கு முன்பே விழித்துவிடும். அதனால் என் வார்டில் போன் ஆர்டரை ஏற்றதில்லை. "டாக்டர், வந்து பாத்து, கேஸ் ஷீட்ல எழுதிட்டுப் போய்ப் படுங்க" என்பேன். எனக்குப் பட்டப்பெயர் எல்லாம் வைத்திருந்தார்கள்.

லிபி ஸயான் என்கிற 18 வயதுப் பெண் 1984 மார்ச்சில் நியூயார்க்கில் இறந்ததைப் படித்தபோது எனக்கு அவளுக்குப் போட்ட ஊசியின் பெயர்தான் கண்ணில் பட்டது. பெத்திடின். நம் வார்டுகளில் அதைப் பூட்டி வைத்து, சாவியை நாங்கள் இடுப்பில் செருகிக்கொண்டு, ஒவ்வொரு ஆம்பூலுக்கும் கணக்கு எழுதுவோம். மனச்சோர்வுக்கு ஃபினெல்ஸின் சாப்பிட்டுவந்தவள் அவள். இரண்டும் சேரக் கூடாது. பல மணி நேரமாக ஏராளமான நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்த பயிற்சி டாக்டர்களின் கையில் அவள் இருந்தாள். அப்பா சிட்னி ஸயான் பத்திரிகைக்காரர், விடவில்லை. பெர்ட்ராண்ட் பெல் தலைமையில் குழு உட்கார்ந்தது. 1989-ல் நியூயார்க் மாநிலம் வாரத்துக்கு 80 மணி நேரம், ஒரே மூச்சில் 24 மணி நேரம் என்று வரம்பு வைத்தது. 2003-ல் அமெரிக்கா முழுக்க 80 ஆனது. ஐரோப்பாவில் இளம் டாக்டர்களுக்கு 2009-லிருந்து 48. 2004-ல் பாஸ்டன் நகரத்துத் தீவிர சிகிச்சைப் பிரிவில் லாண்ட்ரிகன் குழு ஒப்பிட்டுப் பார்த்தபோது, பழைய நீண்ட டூட்டியில் இருந்த பயிற்சி டாக்டர்கள், டூட்டி குறைந்தவர்களைவிட 36 சதவீதம் அதிகமாகக் கடுமையான தவறுகள் செய்திருந்தார்கள்.

அத்தோடு வழக்கு முடிந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் 2016-ல் அமெரிக்காவின் அறுவைசிகிச்சைப் பயிற்சியில் நடந்த பெரிய ஒப்பீட்டில், நேரக் கட்டுப்பாட்டைத் தளர்த்திய இடங்களிலும் தளர்த்தாத இடங்களிலும் நோயாளிகளின் சாவு விகிதத்தில் வித்தியாசம் தெரியவில்லை. முதல் வருடத்தாருக்கு 2011-ல் வைத்த 16 மணி நேர வரம்பை 2017-ல் எடுத்துவிட்டார்கள். காரணம் கைமாற்றம். டாக்டர் அடிக்கடி மாறினால் நோயாளியைப் பற்றிய செய்தியும் அடிக்கடி கைமாற வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்று விட்டுப்போகும். பெரிய டாக்டர்கள் நம் ஊரிலும் இதையே சொல்வார்கள். சரியான வாதம்.

ஆனால் எனக்கு இதைக் கேட்டால் சிரிப்பு வரும். நாங்கள் காலங்காலமாக ஒரு நாளைக்கு மூன்று தடவை கைமாற்றுகிறோம்! போகிறவளும் வருகிறவளும் கட்டில் கட்டிலாக நடப்போம். டிரிப் எவ்வளவு மீதி, சிறுநீர் எவ்வளவு, அடுத்த ஊசி எப்போது, எது நடந்தால் டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்று நோயாளியின் முன்னால் நின்று சொல்லி, நோட்டில் எழுதி, கையெழுத்துப் போட்டு, அலமாரிச் சாவியைக் கொடுத்த பிறகுதான் பஸ் பிடிக்க முடியும். டாக்டர்களோ வராண்டாவில் நடந்தபடியே "ஏழாம் பெட்டைப் பாத்துக்கடா" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். சொல்லிக்கொடுக்காத வேலை எப்படி வரும்? 2014-ல் அமெரிக்காவில் ஒன்பது குழந்தைகள் ஆஸ்பத்திரிகளில் பயிற்சி டாக்டர்களுக்கு ஒழுங்காகக் கைமாற்றச் சொல்லிக்கொடுத்தார்கள். தவறுகள் 23 சதவீதம் குறைந்தன. தவிர்த்திருக்கக்கூடிய பாதிப்புகள் 30 சதவீதம்.

நம் நாட்டில் டாக்டர்களின் வேலை நேரத்துக்கு எண்ணே இல்லை என்று சொல்ல முடியாது. 1992 ஜூன் 5 அன்று மத்திய சுகாதார அமைச்சகம் ரெசிடென்ட் டாக்டர்களுக்கான திட்டத்தில், தொடர்ச்சியாக 12 மணி நேரத்துக்கு மேல் கூடாது, வாரத்துக்கு 48 மணி நேரம் என்று எழுதியது. 2023 டிசம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட முதுநிலைக் கல்வி விதிகளில் 'நியாயமான வேலை நேரம்' என்று இருக்கிறது, எண் இல்லை. 2024-ல் மருத்துவ மாணவர்களின் மனநலம் பற்றி அதே ஆணையம் அமைத்த குழு, வாரத்துக்கு 74 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, ஏழெட்டு மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. 48-இல் தொடங்கி முப்பது வருடம் நடந்து 74-க்கு வந்திருக்கிறோம். அதே வருடம் ஆகஸ்டில்தான் கொல்கத்தா ஆர்.ஜி. கர் ஆஸ்பத்திரியில், நீண்ட டூட்டிக்கு நடுவே கருத்தரங்கு அறையில் கண்ணயரப் போன பயிற்சி டாக்டர் கொல்லப்பட்டார். படுக்க ஓர் அறைகூட இல்லை என்பது அன்றைக்குத்தான் செய்தியானது. நர்ஸுகளுக்கு அது செய்தியில்லை. எக்ஸ்ரே பார்க்கிற மேஜையிலும் ஆக்ஸிஜன் சிலிண்டருக்குப் பக்கத்திலும் பிள்ளைகள் சுருண்டு கிடந்ததை நாங்கள் தாண்டித் தாண்டித்தான் நடந்திருக்கிறோம்.

2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 மருத்துவக் கல்லூரிகளைத் திறந்தார்கள். விருதுநகர் அதில் ஒன்று, 150 இடங்கள். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலை வெடித்து ஏறக்குறைய 40 பேர் செத்தபோது மாவட்டத்துக்குள் மருத்துவக் கல்லூரி கிடையாது. மோசமாக வெந்தவர்களுக்கு மதுரைதான் கதி. இப்போது இருக்கிறது. முதல் பேட்ச் சேர்ந்ததிலிருந்து நாலரை வருடத்தைக் கூட்டினால் 2026, சி.ஆர்.ஆர்.ஐ. ஆகிற காலம். தீபாவளிக்கு முந்தின மாதங்களில் பயர் ஆபீஸ்களில் வேலை நெருக்கும்போது வார்டு நிறைவதை அவர்கள் பார்ப்பார்கள். பழைய கல்லூரிகளில் அட்மிஷன் டேயை அசைப்பது கஷ்டம். அங்கே சீஃபும் அப்படித்தான் வளர்ந்தார், அவருடைய சீஃபும் அப்படித்தான். இங்கே வழக்கம் என்று ஒன்று இனிமேல்தான் ஏற்பட வேண்டும்.

என்னைக் கேட்டால் பெரிய திட்டம் ஒன்றும் வேண்டாம். காலையில் நர்ஸுகள் கட்டில் கட்டிலாகப் போகும்போது, ராத்திரி விழித்த சி.ஆர்.ஆர்.ஐ.யும் புதிதாக வந்தவரும் எங்களோடு சேர்ந்து நடக்கட்டும். அரை மணி நேரம், வார்டு நிறைந்திருந்தால் முக்கால் மணி நேரம். முடிந்ததும் விழித்தவர் ஹாஸ்டலுக்குப் போய்ப் படுக்கட்டும். ரவுண்ட்ஸில் சீஃப் கேட்கிற கேள்விக்கு வந்தவர் பதில் சொல்லட்டும். முதல் மாதம் அவர் திணறுவார், சீஃபுக்குக் கோபம் வரும். பதில் தெரிந்த நர்ஸ் பக்கத்தில்தான் நிற்பாள், அவளைக் கேட்கலாம்.